இடப்பக்கம் திரும்பிய டி.என்.ஏ.

பெட்டியைப் பிரித்தபோது உள்ளே நாற்பது கத்தரிக்கோல்கள் இருந்தன. அவற்றின் அடியில் நாற்பது கோந்து பாட்டில்கள். அதற்கும் அடியில் ஒரு பாலித்தீன் பையில் ஒரு டஜன் பிளாஸ்டிக் வளையல். வாசுகி டீச்சர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வேறொன்றும் விழவில்லை.

வாசுகி விருத்தாசலத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவர். ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரைப் பள்ளியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, போன ஜூனில்தான் சொந்த ஊருக்கு மாறுதல் கிடைத்து வந்திருந்தார். பெட்டியின் மேல் "பள்ளிதோறும் மரபணு" என்று அச்சிட்டிருந்தது. கீழே, மரபணுப் பொறியியல் கல்விப் பரவலாக்க இயக்ககம்.

இந்த இயக்ககம் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் தனக்கொரு முத்திரை தயாரித்தது. இரண்டாம் வருடம் முத்திரையில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியது. மூன்றாம் வருடம்தான் பெட்டி.

வாசுகி மாவட்ட ஒருங்கிணைப்பாளர் அறிவழகனுக்குப் போன் செய்து, பெட்டி மாறி வந்துவிட்டதாகச் சொன்னார். அறிவழகன் இதற்கு முன் சத்துணவுப் பிரிவில் முட்டைக் கணக்கு பார்த்தவர். உயிரியல் அனுபவம் உள்ளவர் என்று அவரை இந்த இருக்கைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. பாடப்புத்தகத்தை எடுக்கச் சொன்னார். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதிகளுக்கு "மூலக்கூறு கத்தரிக்கோல்" என்று பெயர் போட்டிருக்கிறதா இல்லையா என்று கேட்டார். போட்டிருக்கிறது. வெட்டியதை ஒட்டும் நொதியைப் பசைக்கு ஒப்பிட்டிருக்கிறதா? ஒப்பிட்டிருக்கிறது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் இருக்கும் வளையம்தானே? வளையம்தான்.

"அப்புறம் என்ன டீச்சர் குறை? மூலக்கூறுங்கிறது எந்தக் கம்பெனின்னு டெண்டர்ல மூணு பேர் கேட்டாங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்லன்னு திருத்தம் போட்டுத்தான் வாங்கியிருக்கோம்."

வாசுகி போனை வைத்தார். பிறகு, வந்தது வந்துவிட்டது என்று அதை வைத்தே பாடம் எடுக்கத் தொடங்கினார். பழைய கேள்வித்தாள்களை நீளநீளமாக வெட்டினார். ஒரு பட்டையில் G A A T T C என்று எழுதி, அதற்கு எதிர்ப்பட்டையில் C T T A A G என்று எழுதச் சொன்னார். ஏ-க்கு எதிரில் டி, ஜி-க்கு எதிரில் சி, அவ்வளவுதான் விதி. மேல் பட்டையை இடமிருந்தும் கீழ்ப் பட்டையை வலமிருந்தும் படித்தால் இரண்டும் ஒன்றே. விகடகவி மாதிரியா டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டது. கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் என்றார். இந்தச் சொல்லைக் கண்டால் மட்டும் வெட்டுகிற நொதி ஒன்று உண்டு. அது நேராக வெட்டாது, படிக்கட்டு போல வெட்டும். அதனால் இரண்டு முனையிலும் கொஞ்சம் வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியால் வெட்டிய வேறு எந்த டி.என்.ஏ.வின் வாலும் இதில் வந்து பொருந்தும்.

பிள்ளைகள் காகித வளையத்தை வெட்டி, நடுவில் "இன்சுலின்" என்று சிவப்பு மையில் எழுதிய துண்டைச் செருகிக் கோந்து போட்டார்கள். இந்த வளையத்தைப் பாக்டீரியாவுக்குள் அனுப்பினால், அது இருபது நிமிடத்துக்கொரு தடவை இரண்டாகப் பெருகும்போது வளையமும் கூடவே பெருகும். மனிதனுக்கு வேண்டிய இன்சுலினை அது பாட்டுக்குச் செய்து தரும். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் கயல்விழி என்ற மாணவி, அவ்வளவுதானா என்று கேட்டாள். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. தினம் காலையில் வூட்டில் ஊசி போடுபவள் அவள்தான். அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகும் அவள் அந்த வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது, கத்தரிக்கோல் வாங்கியவர்களை வாசுகி மனதுக்குள் மன்னித்துவிட்டார்.

மன்னித்ததோடு நின்றிருக்கலாம். இயக்ககம் அனுப்பிய படிவத்தையும் நிரப்பி அனுப்பினார். அதில் ஒரு பத்தியில் "வெட்டப்பட்ட மரபணுக்களின் எண்ணிக்கை: ஆண், பெண், மொத்தம்" என்று கேட்டிருந்தது. காலியாக விட்டதற்குத் திருப்பி அனுப்பினார்கள். சைபர் என்று எழுதியதற்கு, நாற்பது கத்தரிக்கோலும் என்ன ஆனது என்று விளக்கம் கேட்டார்கள். மூன்றாவது தடவை மொத்தம் நாற்பது என்று எழுதினார். மற்ற பள்ளிகள் சைபரோடு நின்றுவிட்டதால், மரபணு வெட்டுவதில் அந்தப் பள்ளி மாவட்டத்தில் முதலிடம் பெற்றது. மாதிரிப் பள்ளியாக அதையே தேர்ந்தெடுத்தார்கள். இயக்குநர் நேரில் வந்து திட்டத்தைத் தொடங்கிவைப்பார், அதை முன்னிட்டுப் பள்ளி வளாகத்தில் உள்ளூர்ப் பொருளால் ஆறடி உயர டி.என்.ஏ. சிலை ஒன்று நிறுவப்படும் என்று சுற்றறிக்கை வந்தது.

விருத்தாசலத்தில் உள்ளூர்ப் பொருள் என்றால் பீங்கான். பீங்கான் என்றால் ஆர்டர் சாமிதுரைக்கு. ஊருக்கு வெளியே ரோட்டோரமாகச் சூளை போட்டு, கரண்டு கம்பத்துக்கான பீங்கான் சாமான்களும், சீசனுக்குப் பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கிறவர். அறிவழகனின் அலுவலகத்தில் அவரிடம் இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தார்கள். இது என்னங்க என்று கேட்டார். முறுக்கின ஏணி என்றார்கள். அவர் படத்தைப் பார்த்தபடியே ஏழு துண்டாகச் செய்து, காயவைத்து, சுட்டு, சிவப்பும் நீலமுமாக மெருகேற்றி, வைக்கோல் சுற்றிக் குட்டி யானை வண்டியில் கொண்டுவந்து பள்ளியில் இறக்கினார். விழாவுக்கு அப்போது இருபத்தைந்து நாள் இருந்தது.

சிலை அழகாக இருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். கயல்விழி மட்டும் தட்டவில்லை. புத்தகத்தைப் பிரித்துப் படத்தைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள், பிறகு டீச்சரிடம் வந்து காதோடு சொன்னாள். வாசுகி அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

மனிதன், வாழை, பாக்டீரியா என்று எதை எடுத்தாலும் அதன் டி.என்.ஏ. சாதாரணமாக வலப்பக்கமாகத்தான் முறுக்கிக்கொண்டு ஏறும். இந்தச் சிலை இடப்பக்கமாக ஏறியது.

சாமிதுரையிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவர் வண்டியின் பின்கதவிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிவந்து சிலைக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார். போல்ட்டின் மரை இடமிருந்து வலமாக ஏறியது. சிலையின் முறுக்கு வலமிருந்து இடமாக ஏறியது. போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் அது இடமிருந்து வலமாகவே ஏறியது.

"ஆமாங்க டீச்சரம்மா. இது ரிவர்ஸ் மரை. சைக்கிளுக்கு எடது பெடல்ல இருக்குமே, அந்த மாதிரி. படத்துலயே அப்படித்தான் இருந்துது. பதினஞ்சு நாள் குடுத்தா வேற செஞ்சு சுட்டுத் தந்துடுவேன்."

இருபத்தைந்து நாளில் பதினைந்து நாள் போனாலும் பத்து நாள் மிச்சம். ஆக, விஷயம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று வாசுகி நினைத்தார். தலைமையாசிரியர் பிரபாகரனிடம் போய்ச் சொன்னார். பிரபாகரனுக்கு ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம். சிலை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர். பிள்ளைகள் இதைப் பார்த்துப் பரீட்சையில் தப்பாக வரைந்துவிடுவார்கள் என்று வாசுகி சொன்னதும், அப்படியென்றால் எழுத்து மூலமாகக் கொடுங்கள், படிக்காமல் மேலே அனுப்பிவைக்கிறேன் என்றார். வாசுகி மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினார். தலைமையாசிரியர் சொன்ன சொல் தவறாமல் படிக்காமலே அனுப்பினார்.

மறுநாள் அறிவழகன் வந்தார். சிலையை முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போய் நின்று, இங்கிருந்து பார்த்தால் சரியாகிவிடுமே என்றார். ஆகவில்லை. கேட்டருகே போய்ப் பார்த்தார். மாடிக்கு ஏறிப் பார்த்தார். குனிந்து கால் இடுக்கு வழியாகப் பார்ப்பதற்கு மட்டும் அவருடைய பதவி இடம் கொடுக்கவில்லை. வாசுகி போல்ட்டைக் காட்டி விளக்கினார். அறிவழகன் அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போல்ட்டுங்கிறது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டீச்சர். இது மரபணு இன்ஜினியரிங். டிபார்ட்மென்டே வேற. அதை வெச்சி இதுக்கு முடிவு சொல்ல முடியாது."

முடிவு சொல்ல மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. உருவம் சம்பந்தப்பட்டது என்பதால் ஓர் ஓவிய ஆசிரியர். உயரம் சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு கட்டட இளநிலைப் பொறியாளர். இடது வலது சம்பந்தப்பட்டது என்பதால் உடற்கல்வி ஆசிரியர் பாண்டியன். உயிரியல் ஆசிரியர் யாரையும் சேர்க்கவில்லை. புகார் கொடுத்தவர் அந்தப் பாடம் என்பதால் அந்தப் பாடம் முழுக்கவே ஒருதலைப்பட்சமானது என்று கருதப்பட்டது.

குழு மூன்று முறை கூடியது. முதல் அமர்வில், சிலை நம்மைப் பார்த்து நிற்கிறதா, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறதா என்று தீர்மானிக்க முயன்றார்கள். நம்மைப் பார்த்து நிற்கிறது என்றால் அதன் இடக்கைதான் நமக்கு வலக்கை, பிரச்சினையே இல்லை என்றார் பாண்டியன். ஆனால் சிலைக்கு முகம் எது என்று பொறியாளர் கேட்டதோடு அந்த அமர்வு முடிந்தது. இரண்டாம் அமர்வில் பாண்டியன் நாற்பது பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன் சொல்லி, சிலை எதற்குக் கட்டுப்படுகிறது என்று பார்த்தார். வெயிலில் நின்று ஒரு பையன் மயங்கி விழுந்தான். அவன் வலப்பக்கமாக விழுந்ததைக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் அமர்வில் டீ குடிக்கும்போது ஓவிய ஆசிரியர், இதைக் கண்ணாடியில் பார்த்தால் வலப்பக்கம் திரும்பினதாகத்தான் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாவம், விளையாட்டுக்குத்தான் சொன்னார். குறிப்பெழுதியவருக்கு அது தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. பதினோரு பக்கம். சிலை நேரடியாகப் பார்க்கும்போது மட்டுமே இடப்பக்கம் திரும்புகிறது, எனவே அதை நேரடியாகப் பார்ப்பதைத் தவிர்க்கலாம் என்பது அதன் சாரம்.

மங்கலம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கழற்றி வைத்திருந்த எட்டடிக் கண்ணாடி ஒன்று பள்ளிக்கு வந்து சேர்ந்தது. சிலையை மூன்று பக்கமும் தட்டி கட்டி மறைத்து, திறந்த பக்கத்துக்கு எதிரே கண்ணாடியை நிறுத்தினார்கள். வருகிறவர்களுக்குச் சிலை தெரியாது, கண்ணாடியில் அதன் பிம்பம் மட்டும் தெரியும். பிம்பத்தில் டி.என்.ஏ. வலப்பக்கமாக ஏறியது. அறிவியல்படி அது சரிதான் என்பதை வாசுகியாலும் மறுக்க முடியவில்லை. அவருக்குத் தலை சுற்றியது அதனால்தான்.

கண்ணாடி வந்த அன்றைக்கே அவருக்கு ஒரு குறிப்பாணையும் வந்தது. ஒழுங்கு நடவடிக்கை விதி பதினேழு பி. அரசு நிறுவிய சிலையின் திசை குறித்து அரசின் திசைக்கு எதிர்த்திசையில் கருத்துத் தெரிவித்தது ஏன் என்பதற்கு ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். தவறினால் நிர்வாகக் காரணத்தின் பேரில் இடமாறுதல் உட்பட நடவடிக்கை. விசாரணை அலுவலர்: அறிவழகன்.

வூட்டில் கணவர் வளவன் அதை இரண்டு தடவை படித்தார். அவர் ஜங்ஷனில் சரக்கு ரயில் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஒன்பது வருடம் சனிக்கிழமைதோறும் ராமநாதபுரத்துக்கு ரயிலேறியவர். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிடலாம், டி.என்.ஏ. ஒன்றும் கோவித்துக்கொள்ளாது என்றார். அவரே உட்கார்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியும் வைத்தார். வாசுகி அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட மனம் வரவில்லை. கிழித்துப் போடவும் துணிச்சல் இல்லை.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் ஒத்திகை. அறிவழகன் இயக்குநருடைய இடத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தார். டி.என்.ஏ. நன்றாக இருந்தது. அதன் கீழே பீடத்தில் பீங்கானிலேயே சுட்டுப் பதித்திருந்த இயக்குநரின் பெயர் இடவலம் மாறித் தெரிந்தது. கோவிந்தசாமி என்ற பெயர் கடைசியில் தொடங்கி முதலில் முடிந்தது, ஒவ்வொரு எழுத்தும் திரும்பி நின்றது. அறிவழகனின் முகம் வெளுத்துப் போனது. மூன்று வாரமாகச் சிலையின் முறுக்கைப் பற்றி நிதானமாகக் கோப்பு நகர்த்தியவர், பெயருக்காக அரைமணி நேரத்தில் சாமிதுரையின் சூளைக்கு நேரில் போனார். அச்சு வெட்டுகிறவர்களுக்கு இடவலம் மாற்றி எழுதுவது புதிதில்லை. சாமிதுரை இரண்டு நாளில் வேறு பலகை சுட்டுக் கொடுத்தார். நேரில் பார்த்தால் அது எந்த மொழி என்றே தெரியாது. கண்ணாடியில் மிகத் தெளிவாக இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் குட்டி யானை மறுபடி பள்ளிக்கு வந்தது. அதில் இன்னொரு டி.என்.ஏ. இருந்தது. யாரும் கேட்காமலே சாமிதுரை தப்பு தெரிந்த அன்றே மண் பிசைந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். தன் பட்டறையிலிருந்து போன சாமான் தப்பாக நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இது வலப்பக்கமாக ஏறியது. முதலாவதைவிடவும் அழகாக இருந்தது. வாசுகிக்குக் கண் கலங்கிவிட்டது. இனிக் குற்றச்சாட்டுக்கும் வேலையில்லை, கண்ணாடிக்கும் வேலையில்லை என்று நினைத்தார்.

அறிவழகனும் முதலில் சந்தோஷப்பட்டார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைத் தட்டிக்குள் வைக்கச் சொன்னார். பிறகு தன் இடத்தில் வந்து நின்று கண்ணாடியைப் பார்த்தார். டி.என்.ஏ. இடப்பக்கமாக ஏறியது.

கண்ணாடியை எடுத்துவிட்டால் போதுமே என்று வாசுகி சொன்னார். அறிவழகன் அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். இயக்குநர் திறந்துவைப்பதாக அதில் அச்சாகியிருந்தது கண்ணாடியைத்தான். குழு அவசரமாகக் கூடி, இரண்டாவது சிலை கண்ணாடியில் தவறாகத் திரும்புவதால் தகுதியற்றது என்று ஒருமனதாக முடிவெடுத்தது. "மரபணுவில் பிழை உள்ள சிலையைக் கொண்டுவந்தேன், திரும்ப எடுத்துச் செல்கிறேன்" என்று சாமிதுரையிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். வண்டியில் ஏறும் முன் வாசுகியிடம் வந்து, எங்க இடத்துலயே வாசல்ல வெச்சிக்கிறேங்க, அங்க கண்ணாடி இல்ல என்று மட்டும் சொன்னார்.

விழா நன்றாகவே நடந்தது. குத்துவிளக்குக்கும் நினைவுப் பரிசுக்கும் நடுவில் பிள்ளைகளின் செய்முறைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கயல்விழி ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் விளக்கும் திரவமும் கலந்த தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டினாள். சோப்பு செல்லின் உறையைக் கரைக்கும் என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடிக் குழாயின் ஓரமாக ஐஸில் வைத்திருந்த ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றினாள். இரண்டு திரவமும் சேரும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் போலத் திரண்டது. அதைக் குச்சியில் சுற்றி எடுத்து, இதுதான் வாழையோட டி.என்.ஏ. என்று இயக்குநர் முன் நீட்டினாள். பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கப் பெஞ்சில் ஏறி நின்றார்கள்.

இயக்குநர் கோவிந்தசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இது வலப்பக்கம் திரும்புகிறதா என்று கேட்டார். திரும்புகிறது, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது என்றாள் கயல்விழி. அப்படியானால் நாம் கண்ணாடி வைத்தது சரிதான் என்று அவர் அறிவழகனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு பேசினார்.

"மரபணுப் பொறியியலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஓர் இடத்தில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஜீனை அங்கிருந்து வெட்டி எடுத்து, அது இல்லாத இடத்தில் கொண்டுபோய் ஒட்டுவது, அவ்வளவுதான். முப்பது வருடமாக நான் நிர்வாகத்தில் இதைத்தான் செய்துவருகிறேன். எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பணியிட மாறுதல் என்று பெயர். விஞ்ஞானிகளுக்கு வெட்ட ஒரு நொதி வேண்டும், ஒட்ட ஒரு நொதி வேண்டும். எனக்கு ஒரே கையெழுத்து போதும். விஞ்ஞானிகள் ஒட்டிய ஜீன் புதிய இடத்திலும் வேலை செய்கிறதாம். நான் ஒட்டிய எதுவும் அதற்குப் பிறகு வேலை செய்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் அறிவியல் நம்மைவிடக் கொஞ்சம் முன்னே இருக்கிறது என்பதைத் திறந்த மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. இயக்குநர் திரையை விலக்கிக் கண்ணாடியைத் திறந்துவைத்தார். அதில் தன் பெயர் தெளிவாகத் தெரிவதைக் கண்டு திருப்தி அடைந்தார். அடுத்த வாரம் எல்லா மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை போனது. ஒரே படத்தைத்தான் எல்லா மாவட்டத்துக்கும் கொடுத்திருந்தார்கள் என்பதால் எல்லாச் சிலையும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. விருத்தாசலம் முன்மாதிரியைப் பின்பற்றி எல்லா இடத்திலும் எட்டடிக் கண்ணாடி வாங்கிக்கொள்ளும்படி உத்தரவு.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. குழு, கண்ணாடி, திருப்பி அனுப்பிய சிலை என்று கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டதால், விருத்தாசலத்தில் டி.என்.ஏ. எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்துபோயிற்று. சாமிதுரையின் பட்டறை வாசலில் நிற்கிற சரியான சிலையைப் பார்க்க பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் தலையை நீட்டினார்கள். விழிப்புணர்வு நூறு சதவீதம் எட்டப்பட்டது என்று இயக்ககம் ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டது. அந்தத் தகவல் மட்டும் உண்மை.

பொதுத்தேர்வு நெருங்கியது. பள்ளியில் கண்ணாடியைப் பார்த்து வரைவதா, எட்டிப் பார்த்துச் சிலையை வரைவதா என்று பிள்ளைகள் குழம்பிப் போயிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசுகி தன் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரைச் சாமிதுரையின் பட்டறைக்கு அழைத்துப்போனார். சாமிதுரை பலகை எடுத்துப் போட்டார். பிள்ளைகள் சிலையைச் சுற்றி உட்கார்ந்து வரையத் தொடங்கினார்கள். குறிப்பாணைக்குப் பதில் தர மறுநாள்தான் கடைசி நாள். வளவன் எழுதிய மன்னிப்புக் கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. காலையில் கிளம்பும்போது, வேறு வழியில்லை, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று வாசுகி முடிவு செய்திருந்தார். 

பத்து மணி வாக்கில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அறிவழகன் இறங்கினார். பின்னாலிருந்து ஒரு பெண் நோட்டும் பென்சிலுமாக இறங்கினாள். அவருடைய மகள். தனியார் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாவது படிக்கிறாள். வாசுகியைப் பார்த்ததும் அறிவழகன் ஸ்கூட்டரில் திரும்ப ஏறிவிடலாமா என்பதுபோல ஒரு கணம் நின்றார். அதற்குள் மகள் போய்க் கயல்விழியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைங்க டீச்சர்," என்றார் அவர் தணிந்த குரலில். "நான் ஆபீஸா வரல. வூட்டு வேலையா வந்தேன்."

வாசுகி சற்று நகர்ந்து உட்கார்ந்தார். தன் பலகையில் அவருக்கும் இடம் விட்டார். அவர் உட்காராமல் மகளின் பின்னால் நின்று கவனித்தார். அந்தப் பெண் அப்பாவின் ஆபீஸ் படத்தைப் பார்த்துப் பழகியவள்போல. முதல் கோட்டையே இடப்பக்கமாக இழுத்தாள். அறிவழகன் குனிந்து அவள் கையைப் பிடித்தார்.

"இப்படி இல்லம்மா. வலப்பக்கமா ஏறணும். தப்பா வரைஞ்சா மார்க்கு போயிடும்."

பத்தொன்பது பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாமிதுரை கையிலிருந்த மண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அறிவழகன் யாரையும் பார்க்காமல் ரப்பரை எடுத்து மகளின் கோட்டை அழித்தார். வாசுகிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது என்னவோ, அது அப்போது இல்லை. அன்று மதியம் வூட்டுக்குப் போய் வளவனின் கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தன் பதிலைத் தானே எழுதி, வளவனிடம் படித்துக் காட்டினார். வளவன், மறுபடியும் ரயிலேறினாலும் ஏறுகிறேன், இதையே கொடு என்றார்.

திங்கட்கிழமை காலை பதில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டே வரி. "குற்றச்சாட்டை மறுக்கிறேன். டி.என்.ஏ. வலப்பக்கமாகத்தான் ஏறும் என்பதற்கு நேரடிச் சாட்சி: மாவட்ட ஒருங்கிணைப்பாளர் திரு. அறிவழகன் அவர்கள், இடம்: சாமிதுரையின் பட்டறை, நேரம்: ஞாயிறு காலை பத்து மணி, என்னைத் தவிர உடனிருந்தவர்கள் இருபத்தொரு பேர்."

சாட்சியை விசாரிக்காமல் கோப்பை முடிக்க விதியில் இடமில்லை. விசாரணை அலுவலர் தன்னைத் தானே வரவழைத்து விசாரிக்கவும் விதியில் இடமில்லை. அறிவழகன் இதற்குத் தெளிவுரை கேட்டு இயக்ககத்துக்கு எழுதினார். இயக்ககம் ஒரு குழு அமைத்திருக்கிறது. குழு இன்னும் கூடவில்லை. அதுவரை சம்பந்தப்பட்ட ஆசிரியை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், வேறெங்கும் மாற்றக் கூடாது என்று கோப்பில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். வாசுகி டீச்சர் ஜூன் மாதம் புதுப் பிள்ளைகளுக்குக் காகிதப் பட்டை வெட்டத் தொடங்கிவிட்டார்.